மருத்துவர் சொன்ன சி.பி.டி. எது?

கனடாவின் மிசிசாகா நகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. சொந்த ஊர் திருச்சிக்குப் பக்கத்தில். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைப் பாதித்ததால், பல ஆண்டுகளுக்கு முன்பே இடப்பக்க மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு இயந்திர வகைச் செயற்கை வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். அன்று முதல், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பனியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் டிஸ்க் விலகி, அறுவை சிகிச்சையும் நடந்தது. எலும்பும் தசையும் ஆறிவிட்டன என்று ஸ்கேன் சொல்கிறது. ஆனால் இடுப்பு வலியும், அங்கிருந்து இடது கால் பெருவிரல் வரை இறங்கும் எரிச்சலும் நிற்கவில்லை. நரம்பு வலிக்காகப் பிரிகாபலின் 150 மி.கி. காலையும் இரவும், அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவில் மட்டும் எடுத்துக்கொள்கிறார். வார்ஃபரின் இருப்பதால் இபுப்ரோஃபென் போன்ற வழக்கமான வலி மாத்திரைகளை அவருக்குக் கொடுக்க முடியாது.

"குடும்ப மருத்துவர், இனி மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை, சி.பி.டி. முயன்று பாருங்கள் என்றார். நான் கஞ்சாக் கடைக்குப் போய், கஞ்சாவிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயை வாங்கி வந்துவிட்டேன். நாலு வாரம் கழித்து ஒரு மனநல சிகிச்சையாளர் அலுவலகத்திலிருந்து அழைத்து, உங்கள் மருத்துவர் சி.பி.டி.க்கு அனுப்பியிருக்கிறார், எப்போது வருகிறீர்கள் என்றபோதுதான் விழித்தேன்" என்று எழுதுகிறார். இப்போது ஏழு வாரங்களாக ஒரு மில்லியில் 25 மி.கி. உள்ள எண்ணெயைக் காலையும் மாலையும் ஒவ்வொரு மில்லி விட்டுக்கொள்கிறார். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கணவர் வாங்கி வந்த கஞ்சா மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியாததால் இரண்டாவதையும் சாப்பிட்டிருக்கிறார். நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, அறை சுழன்று, அவசரப் பிரிவுக்கு ஓடும்படி ஆயிற்று. அங்கே கேட்டபோது, வெட்கத்தால், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டார். எண்ணெய் விஷயமும் இன்றுவரை எந்த மருத்துவருக்கும் தெரியாது.

அவர் கேட்பவை இவை. இரண்டு சி.பி.டி.யையும் சேர்த்து எடுத்தால் சீக்கிரம் குணமாகுமா? மனநல சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள் என்றால் என் வலி கற்பனை என்று நினைக்கிறார்களா? இவற்றைத் தொடங்கினால் பிரிகாபலினை நிறுத்தலாமா? எண்ணெய் எடுத்துக்கொண்டு கார் ஓட்டலாமா? டிசம்பரில் அம்மாவைப் பார்க்க மூன்று மாதம் ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்லலாமா?

முதலில் இரத்தப் பரிசோதனை

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளை விட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதிய வரியில் இருக்கிறது. "போன மாதம் ஐ.என்.ஆர். 4.1 என்று வந்தது, கீரை குறைத்துவிட்டீர்களா என்று கேட்டு வார்ஃபரினைக் குறைத்தார்கள்." ஐ.என்.ஆர். என்பது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண். கீரை வார்ஃபரினின் வேலையைத் தணிக்கும் என்பதால்தான் அந்தக் கேள்வி. உங்கள் வரியைப் படித்தவுடனேயே உங்களுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வால்வில் இரத்தம் உறையும். மேலே போனால் இரத்தக் கசிவு வரும். வார்ஃபரினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதிகளின் வேலையைக் கன்னாபிடியால் என்ற பொருள் மந்தப்படுத்துகிறது. உங்கள் எண்ணெயில் உள்ள சி.பி.டி. என்பது இந்தக் கன்னாபிடியால்தான். வலிப்பு நோய்க்காக அதை எடுத்த ஒரு நோயாளிக்கு வார்ஃபரின் அளவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்க வேண்டியிருந்ததை 2017-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அவர் எடுத்தது உங்களுடையதை விடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும், எண்ணெய் தொடங்கிய சில வாரங்களில் உங்கள் ஐ.என்.ஆர். ஏறியதற்குக் கீரை மேல் பழி போடுவதற்கு முன், எண்ணெயைத்தான் நான் சந்தேகிப்பேன்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைப் படித்துப் பயந்து எண்ணெயைச் சட்டென்று நிறுத்திவிட்டீர்களானால், குறைக்கப்பட்ட வார்ஃபரின் அளவு திடீரென்று போதாமல் போகும். ஐ.என்.ஆர். கீழே இறங்கும், வால்வு ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஐ.என்.ஆர். பார்க்கும் மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போய், எண்ணெயின் பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் சொல்லுங்கள். அவர்கள் வாரம் ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொண்டே எண்ணெயைப் படிப்படியாகக் குறைத்து, வார்ஃபரினைச் சரிசெய்வார்கள். ஈறில் இரத்தம், காரணமில்லாத கன்றிப்போதல், கருத்த மலம், திடீர்த் தலைவலி, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த முறை மறைக்காமல் சொல்லுங்கள். கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்குச் சட்டபூர்வமானது. மருத்துவப் பயன்பாடு 2001-இலிருந்தே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அவசரப் பிரிவு மருத்துவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று நீங்கள் பயந்தீர்கள். அவருக்கு அது அந்த இரவின் மூன்றாவது மிட்டாய் நோயாளியாகக் கூட இருந்திருக்கும்.

எழுத்தில் ஒன்று, பொருளில் வேறு

ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு: எண்ணெய் CBD, சிகிச்சை CBT. தமிழில் எழுதினால் இரண்டுமே சி.பி.டி.தான், காதில் விழும்போதும் ஏறக்குறைய அப்படியே. உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ் பேசும் நோயாளிகளிடம் இதைச் சொல்லும்போது எழுதிக் காட்டியிருக்க வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் பொறுப்பு. இந்தப் பதிலில் எண்ணெயைக் கன்னாபிடியால் என்றும், உங்கள் மருத்துவர் சொன்ன, எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றும் சிகிச்சையை அறிதல்-நடத்தை சிகிச்சை என்றும் குறிப்பிடுகிறேன். டி.எச்.சி. என்பது கஞ்சாவில் போதை தரும் பகுதி. அன்றிரவு மிட்டாயில் உங்களைப் படுத்தியது அதுதான்.

அந்த இரவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் டி.எச்.சி., சாப்பிட்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தெரியாது. முழு வேகம் வர நான்கு மணி நேரம் கூட ஆகலாம். கனடாவில் ஒரு பொட்டலத்துக்கு 10 மி.கி. டி.எச்.சி.தான் உச்சவரம்பு. உங்கள் மிட்டாய் இரண்டும் சேர்ந்து அவ்வளவு. பழக்கமில்லாதவருக்கு 2.5 மி.கி.யே தொடக்க அளவு என்னும்போது, நீங்கள் எடுத்தது அதன் நான்கு மடங்கு. டி.எச்.சி. இதயத் துடிப்பை வேகப்படுத்தும், அமிட்ரிப்டிலினும் அதையே செய்யும். செயற்கை வால்வு உள்ள இதயத்துக்கு இந்தக் கூட்டு வேண்டவே வேண்டாம். அந்தப் பொட்டலம் இன்னும் வீட்டில் இருந்தால் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.

வலி கற்பனையா?

இல்லை. இந்தக் கேள்வியை என் அறையில் உட்கார்ந்து கேட்ட தமிழ் நோயாளிகளுக்குக் கணக்கில்லை. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் கண்கலங்கி. "பைத்தியக்கார டாக்டரிடம் அனுப்புகிறீர்களா" என்று நேரடியாகக் கேட்டவர்களும் உண்டு. அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாண்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக்கும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த பாட்ரிக் வாலும் 1965-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். காலிலிருந்து வரும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை; முதுகுத்தண்டில் ஒரு கதவு இருக்கிறது; மூளையிலிருந்து இறங்கிவரும் சமிக்ஞைகள் அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன என்பது அதன் சாரம். விவரங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டன. ஆனால் பயம், தூக்கமின்மை, கவனம், மனச்சோர்வு எல்லாம் வலியைக் கூட்டிக் குறைக்கும் உடல்ரீதியான வழிகள் உண்டு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. ஆறு மாதத்தில் ஆறியிருக்க வேண்டிய காயம் ஐந்தாண்டாக எரிவதற்குக் காரணம், நரம்பு மண்டலம் அபாய மணியை நிறுத்தக் கற்காததுதான். மணி ஒலிப்பது நிஜம். வீட்டில் நெருப்பு இல்லை என்பதும் நிஜம். அறிதல்-நடத்தை சிகிச்சை, அந்த மணியை மெல்ல மெல்ல மறுபடி பழக்குகிற பயிற்சி. அது உங்கள் குணத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல.

உங்கள் கடிதத்திலிருந்தே மூன்று இடங்களைக் காட்டுகிறேன். "வலி குறைவான நாளில் வாரம் முழுக்கச் சேர்ந்த வேலையை ஒரேயடியாகச் செய்துவிடுவேன், அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான்." இது நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் சுழற்சி. சிகிச்சையாளர் உங்களிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, அடுப்படியில் எத்தனை நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்று அளக்கச் சொல்வார். 12 நிமிடம் என்றால், நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் 9 நிமிடத்தில் உட்காரச் சொல்வார். அடுத்த வாரம் 10. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் எழுந்திருப்பதையும் உட்காருவதையும் இதுவரை வலி தீர்மானித்தது, இனிக் கடிகாரம் தீர்மானிக்கும் என்பதுதான் இதன் உயிர்நாடி.

இரண்டாவது இடம்: "குனிந்தால் டிஸ்க் மறுபடி விலகிவிடும் என்று பயம், ஐந்து வருடமாகக் கோலம் போடவில்லை." குனிவது அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்களுக்குத் தடை செய்யப்பட்டது. அந்தத் தடை ஆயுள் தண்டனையாகிவிட்டது. இதை இயன்முறை சிகிச்சையாளரும் சேர்ந்து படிப்படியாகத் தளர்த்துவார்.

மூன்றாவது இடத்தைச் சொல்லத் தயங்கினேன். "அவர் என்னை ஒரு டம்ளர் கூடத் தூக்க விடமாட்டார், முகம் சுளித்தாலே ஓடிவருவார்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதர், சந்தேகமில்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970-களில் வலிக்கான நடத்தைச் சிகிச்சையை வகுத்தபோது, முகம் சுளிக்கும்போது மட்டும் கிடைக்கும் கவனிப்பு, யாருடைய தவறும் இல்லாமலே, அசையாதிருப்பதை உடம்புக்குப் பழக்கிவிடுகிறது என்று கண்டார். எனவே இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் நடந்து முடித்த பிறகு அவர் கூட வந்து காபி குடிக்கட்டும். படுத்த பிறகு ஓடிவருவதை விட அது உதவும்.

இரண்டையும் சேர்த்தால்?

இனி உங்கள் முதல் கேள்வி. ஆதாரங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்லமாட்டார். கஞ்சாக் கடைப் பணியாளர்கள் மருத்துவப் பலன்களைச் சொல்லி விற்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், ஒன்ராறியோவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. 32 சோதனைகள், 5,174 நோயாளிகள். போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்துச் சத்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களோடு ஒப்பிட, கன்னாபினாய்ட் (கஞ்சா வகை) மருந்து எடுத்தவர்களில் 100 பேருக்குக் கூடுதலாக 10 பேர்தான், 10 அளவுள்ள வலிக்கோலில் 1 அளவு குறைந்ததை உணர்ந்தார்கள். உடல் இயக்கத்தில் கூடுதலாக 4 பேர், தூக்கத்தில் 6 பேர். மற்ற சிகிச்சைகள் போதாதபோது, புகைக்காத வகையில், விரும்பினால் முயன்று பார்க்கலாம் என்று அந்தக் குழு மென்மையாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில், வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், கஞ்சாவை வலிக்குப் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க முடியாது என்று அறிவித்தது. இரண்டும் முரண்படுவதாகப் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலருக்குச் சிறிது உதவும் என்பதை ஒருவர் அரைக் கண் திறந்து சொன்னார், இன்னொருவர் அரைக் கண் மூடிச் சொன்னார்.

உங்களுக்கு இதில் முக்கியமான நுணுக்கம் வேறு. வலியைக் குறைத்த சோதனைகளில் பெரும்பாலும் டி.எச்.சி. அல்லது அதைப் போன்ற பொருள் இருந்தது. கன்னாபிடியாலை மட்டும் கொடுத்துச் செய்த சோதனைகளைத் தொகுத்து 2024-இல் வந்த ஆய்வில், 16 சோதனைகளில் 15-இல் போலி மருந்தை விட அது மேலாக வேலை செய்யவில்லை. அதாவது, உங்கள் இதயத்துக்கு ஆகாத பகுதியில்தான் கொஞ்சம் பலன் இருக்கிறது. உங்களால் தாங்க முடிகிற பகுதியில் பலன் ஏறக்குறைய இல்லை, ஐ.என்.ஆர். தொல்லை மட்டும் இருக்கிறது. எண்ணெய் விட்டபிறகு வலி "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். போலி மருந்து எடுத்தவர்களும் இந்தச் சோதனைகளில் குறிப்பிடத்தக்க நிம்மதி அடைந்தார்கள். அந்த நிம்மதி பொய்யல்ல. மூளையிலிருந்து இறங்கும் அதே வழிகள்தான் அதையும் செய்கின்றன. அவற்றைப் பணம் கொடுத்துச் சொட்டுச் சொட்டாக வாங்குவதை விடப் பயிற்சியால் இயக்கக் கற்பது மேல்.

அறிதல்-நடத்தை சிகிச்சையையும் இதே தராசில் வைக்க வேண்டும். மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு 75 சோதனைகளையும் 9,400-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் அலசி, வலி, இயலாமை, மனத்துயரம் மூன்றிலும் பலன் உண்டு, ஆனால் சிறிது என்றது. எனவே சிகிச்சையாளரிடம் போனால் வலி மறைந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது மாத்திரைகளோடு மோதாது, கல்லீரலைத் தொடாது, பயிற்சி முடிந்த பிறகும் கையிலிருக்கும். அதன் மதிப்பு இங்கேதான்.

சிறிதும் சிறிதும் சேர்ந்து பெரிதாகுமா என்றால், அப்படி நம்ப வலுவான ஆதாரம் கிடையாது. நெருங்கிய உதாரணம் நெதர்லாந்திலிருந்து 2022-இல் வந்தது. சமூக அச்சமோ, வெளியே போக அஞ்சும் நோயோ உள்ள 80 பேருக்கு, அச்சத்தை எதிர்கொள்ளும் பயிற்சிக்கு முன் ஒவ்வொரு முறையும் 300 மி.கி. கன்னாபிடியாலோ போலி மருந்தோ கொடுத்தார்கள். கன்னாபிடியால் எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. டி.எச்.சி.யில் இன்னொரு தடையும் உண்டு. அது புதிதாகக் கற்பதை நினைவில் பதியவிடாமல் மங்கச் செய்யும். அறிதல்-நடத்தை சிகிச்சையோ முழுக்க முழுக்கக் கற்றல். மயங்கிய தலையோடு உட்கார்ந்து கேட்ட பாடம் வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துவிடும்.

ஆனால் இதய நோய் இல்லாத, வார்ஃபரின் எடுக்காத வேறு வாசகர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு மருத்துவர் இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பது உண்டு. நானும் சிலருக்குச் செய்திருக்கிறேன், சில ஒழுங்குகளோடு.

ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்குவதில்லை. பயிற்சியை முதலில் தொடங்கி ஆறு வாரமாவது பார்க்கிறேன். இல்லாவிட்டால் நடந்து தேறிய காலின் பெருமையைப் புட்டி தட்டிக்கொண்டு போய்விடும்.

மருந்து கடிகாரப்படி, வலிப்படி அல்ல. வலி வரும்போதெல்லாம் எடுத்தால், வலிக்குப் பரிசு கொடுப்பதாக நரம்பு மண்டலம் கற்றுக்கொள்ளும் என்பது ஃபோர்டைஸ் சொன்ன பழைய பாடம். டி.எச்.சி. இருந்தால் இரவில் மட்டும். சிகிச்சைச் சந்திப்புக்கும் பயிற்சிக்கும் முன்னால் கூடாது.

நிறுத்தும் தேதியைத் தொடங்கும்போதே எழுதிவைக்கிறோம். மூன்று மாதத்தில் வலியின் எண் எவ்வளவு என்று கேட்பதை விட, எத்தனை நிமிடம் நிற்கிறார், எத்தனை இரவு தூங்கினார், கடைக்குத் தனியே போனாரா என்று பார்க்கிறேன். இவை மாறவில்லையென்றால் மருந்தைக் குறைத்து நிறுத்துகிறோம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் நான் தொடங்குவதே இல்லை.

உங்களைப் பொறுத்தவரை என் கருத்து: டி.எச்.சி. எந்த வடிவிலும் வேண்டாம். நாபிலோன் என்ற செயற்கை மாத்திரையும் அதே குணமுடையதால் அதுவும் வேண்டாம். கன்னாபிடியாலை ஐ.என்.ஆர். கண்காணிப்போடு குறைத்து விட்டுவிடுவது நல்லது. தூக்கத்துக்காகத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அது உங்கள் உரிமை. ஆனால் இதய மருத்துவரின் ஒப்புதலோடு, ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணெயை, மாறாத அளவில், மருத்துவர் கையெழுத்திட்ட ஆவணத்தின் பேரில் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். அந்த ஆவணம் அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். அப்படி வாங்கியதை வருமான வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். கடையில் நேரே வாங்கியதைக் காட்ட முடியாது.

பிரிகாபலின், பணம், கார்

பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை வரும், அரிதாக வலிப்பும் வரும். பயிற்சி பலன் தரத் தொடங்கிய பிறகு, பகல் மந்தம் அதிகமென்று தோன்றினால், மருத்துவரோடு பேசி வாரக்கணக்கில் குறைக்கலாம். கஞ்சா எடுத்தால் மற்ற வலி மருந்துகள் தானாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஓபியாய்ட் எனும் அபின் வகை வலி மருந்து எடுத்த 1,500-க்கு மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2018-இல் வந்தது. அவர்களில் கஞ்சா எடுத்தவர்களுக்கு வலியும் குறையவில்லை, மருந்தும் குறையவில்லை.

தனியார் உளவியலாளரின் கட்டணத்தை ஒன்ராறியோ அரசுக் காப்பீடு ஏற்பதில்லை. உங்கள் கணவரின் வேலைக் காப்பீட்டில் ஆண்டுக்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். குடும்ப மருத்துவக் குழுக்களில் சிலவற்றில் சமூகப் பணியாளர்கள் இதைக் கட்டணமின்றி நடத்துகிறார்கள். பவர் ஓவர் பெயின் என்ற இலவச இணையவழிப் பாடங்களும் கனடாவில் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். தமிழில் பேசும் சிகிச்சையாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வலியை எரிச்சல், குடைச்சல், சுண்டி இழுத்தல், விண் விண் என்று தெறித்தல் எனப் பிரித்துச் சொல்ல நம் மொழியில் இருக்கும் வசதி, ஒன்றிலிருந்து பத்து வரை எண் சொல்வதில் இல்லை.

கார் பற்றி. இரத்தத்தில் ஒரு மில்லிக்கு 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே கனடாவில் குற்றம், 5-ஐத் தொட்டால் கடுமையான குற்றம். மருத்துவ ஆவணம் இருக்கிறது என்பது மயக்கத்தில் ஓட்டுவதற்கு அனுமதி ஆகாது. கன்னாபிடியால் எண்ணெய் என்று விற்பவற்றிலும் சிறிதளவு டி.எச்.சி. இருக்கக்கூடும். புட்டியின் அட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள். பிரிகாபலினும் அமிட்ரிப்டிலினும் ஏற்கெனவே உங்களை மந்தமாக்குகின்றன. மருந்துகளை மாற்றும் வாரங்களில் கணவர் ஓட்டட்டும்.

டிசம்பர் பயணம்

எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. கனடாவிலிருந்து கஞ்சாப் பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதே இங்கே குற்றம், மருத்துவ ஆவணம் இருந்தாலும். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே மருத்துவர் போட்ட கையெழுத்து சென்னை விமான நிலையத்தில் செல்லாது. ஊரில் ஆயுர்வேத உரிமத்தோடு விஜயா என்ற பெயரில் கஞ்சா இலைச் சாறு விற்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். வார்ஃபரின் எடுக்கும் நீங்கள் அதையும் தொடாதீர்கள்.

கிளம்புவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே எண்ணெயை முழுவதும் நிறுத்தி, ஐ.என்.ஆர். தொடர்ந்து வரம்புக்குள் நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கான வார்ஃபரினை இங்கிருந்தே கைப்பையில் கொண்டு போங்கள். இந்தியாவில் அதற்குப் பதிலாக அசெனோகௌமரால் என்ற வேறு மாத்திரையைப் பரவலாகத் தருகிறார்கள். அளவு வேறு, வேகம் வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும் மாற்றாதீர்கள். ஊரில் போய் இறங்கிய முதல் வாரத்தில் திருச்சியில் ஒருமுறை ஐ.என்.ஆர். பாருங்கள். அம்மா முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் பொரித்துப் போடத்தான் செய்வார். சாப்பிடலாம், ஆனால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவாக.

சிகிச்சையாளர் முதல் சந்திப்பில் உங்கள் இலக்கு என்ன என்று கேட்பார். வலி போக வேண்டும் என்று சொன்னால் வேறு சொல்லுங்கள் என்பார். மார்கழியில் அம்மா வீட்டு வாசலில் ஒரு சிறிய புள்ளிக் கோலம் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை புள்ளி, எத்தனை நிமிடம் குனிய வேண்டும், நடுவில் எங்கே நிமிர வேண்டும் என்று இப்போதிருந்தே அவரோடு கணக்குப் போடலாம். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது எண்ணெய்ப் புட்டி, ஐ.என்.ஆர். குறிப்பேடு, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவருக்கு அவற்றின் நகலை அனுப்பச் சொல்லிச் சிகிச்சையாளரிடமே கேளுங்கள்.